பாடகர் மேடைக்கு ஒரு பாஸ் தேவை

பாஸ்,

இன்று காலை அச்சகத்திலிருந்து திருநாள் கைந்நூலின் மாதிரிப் பிரதி வந்தது. மை மணம் இன்னும் போகவில்லை. பிழை பார்ப்பதற்காகக் குசினி மேசையில் வைத்து, தேநீரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினேன். பாடகர் குழுவின் பெயர்ப் பட்டியலை நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். அச்சகத்துப் பிள்ளை அதைக் கணினியிடம் கொடுத்துத் தமிழாக்கியிருக்கிறாள். பெண் உயர்குரல் என்று நான்கு பெயர்கள். அதற்குக் கீழே பெண் தாழ்குரல். அதற்கும் கீழே ஆண் உயர்குரல். எல்லாம் சரி. கடைசியில் தடித்த எழுத்தில் ‘கொடுவா மீன்’ என்று தலைப்புப் போட்டு, புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆண்களின் பெயர்கள்.

தனியே இருந்து சிரித்தேன். தேநீர் ஆறும்வரை சிரித்தேன். சிரித்து முடித்ததும் இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நீங்கள் போய் ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகிவிட்டன. அதனால் எழுதுகிறேன்.

கணினியைக் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் ஆண்களின் அடிக்குரலுக்கும் கொடுவாவுக்கும் ஒரே எழுத்துகள்தான். குரல் என்றால் ‘பேஸ்’, மீன் என்றால் ‘பாஸ்’ என்று வாசிக்க வேண்டும். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்த எனக்கு அது தெரியாமலில்லை. ஆனால் எங்கள் கோயிலில் அடிக்குரலை எல்லோரும் ‘பாஸ்’ என்றே சொல்லிப் பழகியிருந்தார்கள். நானும் அப்படியே எழுதினேன். அந்த உச்சரிப்புப் பிழையால்தான் நீங்கள் எங்களுக்குக் கிடைத்தீர்கள்.

தவக்காலம் தொடங்கியிருந்த நேரம் அது. எங்களிடமிருந்த ஒரே அடிக்குரல்காரர் மகளோடு இருப்பதற்காகக் கனடா போய்விட்டார். உயிர்த்த ஞாயிறுக்கு நான்கு குரல் பாட்டுகள் தெரிவு செய்தாகிவிட்டது. மூன்று குரல்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோயில் வாசல் பலகையில் ஒரு தாளில் எழுதி ஒட்டினேன்: ‘பாடகர் மேடைக்கு பாஸ் ஒருவர் உடன் தேவை. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வரவும்.’

சனிக்கிழமை நான்கு மணிக்கு நீங்கள் வந்தீர்கள். கசங்கிய வெள்ளைச் சேட்டு, நெற்றியில் திருநீறு, தோளில் ஒரு சாக்குப் பை. பக்கத்து ஒழுங்கையில் மதில் கட்டுகிற வேலையிலிருந்து நேரே வந்திருந்தீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் மேலே பாடகர் மேடையில், மற்ற எட்டுப் பேரோடு, ஓர்கனுக்கு முன்னால் இருந்தேன். மரப்படியில் பாதிவரை ஏறி நின்று கேட்டீர்கள்.

“ரீச்சர், மேடைக்கு பாஸ் தேவை எண்டு ஒட்டிக் கிடந்தது. நான் பாஸ்.”

“ஓம், ஓம், வாங்கோ! முந்தி எங்கை செய்தனீங்கள்?”

“கொழும்பிலை கனகாலம். நீர்கொழும்பிலை ரெண்டு கோயில் செய்திருக்கிறன்.”

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. நீர்கொழும்புக் கோயில்களில் எவ்வளவு பெரிய பாடகர் குழுக்கள்! அங்கே இரண்டு கோயிலில் பாடியவர் எங்கள் படியில் நிற்கிறார்.

“தனியவோ, ஆக்களோடையோ?”

“பெரிய வேலை எண்டால் ஆறேழு பேர் நிப்பம். சின்னது எண்டால் நான் தனியச் செய்வன்.”

“எங்களுக்கு ஒராள் போதும். மேலை மூண்டும் நல்லாக் கிடக்கு. கீழ்ப்பக்கம்தான் பிரச்சினை. கீழை பிடிக்கிறதுக்கு ஒண்டும் இல்லாமல் எல்லாம் அந்தரத்திலை நிக்குது.”

உங்கள் முகம் மாறியது. “அப்ப ஏன் இவ்வளவு பேரை மேலை ஏத்தி வைச்சிருக்கிறியள்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நில்லாமல் இறங்கிப் போனீர்கள். கீழே தூணைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு தூண், பிறகு மற்றத் தூண். நாங்கள் ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து உங்கள் குரல் வந்தது.

“ரெண்டு தூணும் கல்லு மாதிரி நிக்குது ரீச்சர்! ஆர் சொன்னது பலமில்லை எண்டு?”

பெண் தாழ்குரல் பாடுகிற மெற்றில்டா தன் காலைப் பார்த்தாள். “ரீச்சர், காலுக்குக் கீழை பலகை அதிருது,” என்றாள்.

நான் மேடைக் கைப்பிடிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். தூணுக்குப் பக்கத்தில் நூலில் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். சாக்குப் பையிலிருந்து சாந்து பூசும் அகப்பையின் பிடி வெளியே தெரிந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொழும்புப் பக்கத்தில் மேசன் வேலைக்காரர்களையும் ‘பாஸ்’ என்றுதானே கூப்பிடுவார்கள்! பாடகர் மேடையைத் திருத்த ஆள் தேவை என்று நினைத்து நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

மெற்றில்டா படியில் இருந்து சிரித்தாள், எழும்ப முடியாமல் சிரித்தாள். நான் இறங்கி வந்து விசயத்தைச் சொன்னதும் நீங்கள் வெட்கத்தோடு தூக்குக் குண்டை நூலோடு சுருட்டினீர்கள்.

“எனக்குப் பாட்டு ஒண்டும் வராது ரீச்சர். நான் போட்டு வாறன்.”

“நில்லுங்கோ. ஒருக்கா மேலை வந்து நான் போடுற சத்தத்தைப் பிடிச்சுக் காட்டிப்போட்டுப் போங்கோ.”

நான் யாரையும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள். அன்றைக்குக் கெஞ்சினேன். நீங்கள் வந்து, செருப்பைப் படிக்குக் கீழே கழற்றிவிட்டு, கையைச் சேட்டில் துடைத்துக்கொண்டு நின்றீர்கள். ஓர்கனில் ஒரு அடிச் சுரத்தை அமத்தினேன். பிடித்தீர்கள். நான் கையை எடுத்துவிட்டேன். நீங்கள் விடவில்லை. மனதுக்குள் எண்ணத் தொடங்கி, பத்து, பதினைந்து என்று போய், பிறகு எண்ணுவதை மறந்துவிட்டேன். ஆட்டமில்லாமல், உரப்பில்லாமல், கோயிலின் நிலம் முழுக்கப் பரவுகிற மாதிரி ஒரு சத்தம். முடித்துவிட்டு, பிழை ஏதும் செய்தேனோ என்று எங்கள் முகங்களைப் பார்த்தீர்கள்.

“இது எங்கை பழகினது?”

“எங்கடை ஊர் அளவெட்டி ரீச்சர். ஐயா நாதசுரம். அண்ணையும் நாதசுரம். எனக்கு விரல் ஓடாது. அதாலை என்ரை கையிலை ஒத்தைத் தந்திட்டினம். அவை ராகம் எல்லாம் ஊதுவினம். நான் பக்கத்திலை நிண்டு ஒரே சத்தத்தைப் பிடிச்சுக்கொண்டு நிப்பன். விட்டனெண்டால் ஐயா கண்ணாலை பாப்பார்.”

ஒத்து என்பது நாதசுரத்துக்குத் துணையாக ஒரே சுரத்தை விடாமல் ஊதும் குழல் என்பதை அன்றைக்குத்தான் நான் அறிந்தேன். பத்து வயதிலிருந்து பதினெட்டுவரை நீங்கள் அதைப் பிடித்திருக்கிறீர்கள். எங்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

“நான் சைவசமயம் ரீச்சர்,” என்றீர்கள். “நெத்தியிலை இருக்கிறதை அழிக்கச் சொல்லக்கூடாது.”

“ஒருதரும் சொல்ல மாட்டினம்,” என்றேன். ஒருவர் சொல்லத்தான் சொன்னார். சபைக் கூட்டத்தில் அதை எழுப்பினார். எங்கள் பங்குத் தந்தை முழுவதையும் கேட்டுவிட்டு, “அவர் பாட வாறார், பாடட்டும். மிச்சத்தை ஆண்டவரும் அவரும் கதைச்சுக்கொள்ளட்டும்,” என்று எழும்பிப் போனார். அதோடு முடிந்தது.

உங்கள் பாட்டுக் கொப்பி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இசைக் குறிகள் உங்களுக்கு ஏறவில்லை. பாட்டின் சொற்களைத் தமிழில் எழுதி, அவற்றின் மேல் நீங்களே குறி போட்டீர்கள். குரல் ஏறினால் ஒரு படி, இறங்கினால் கீழே ஒரு படி, நீண்டு நின்றால் மட்டம் வைத்த மாதிரி ஒரு நேர்கோடு. கட்டடத்துக்குக் கீறுகிற படம்போல் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஐந்து கிழமையில் எல்லாப் பாட்டையும் பாடமாக்கிவிட்டீர்கள்.

உயிர்த்த ஞாயிறுப் பூசை முடிந்து மெற்றில்டா வீட்டில் சாப்பாடு. அவளுடைய கணவர் கடலுக்குப் போகிறவர். அன்றைக்கென்று ஒரு பெரிய கொடுவா வைத்திருந்தார். அப்போது நான் சொன்னேன், இந்த மீனுக்கும் ஆங்கிலத்தில் பாஸ் என்றுதான் பெயர் என்று. நீங்கள் மீன் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “அப்ப இவரும் எங்கடை ஆள்தான்,” என்றீர்கள். மெற்றில்டாவின் கணவருக்கு அது பிடித்துப்போனது. அதற்குப் பிறகு வலையில் நல்ல கொடுவா பட்டால், “பாஸுக்கு ஒரு பாஸ்,” என்று சொல்லி எடுத்து வைத்துவிடுவார்.

அதே சாப்பாட்டில்தான் நான் உங்களைக் கேட்டேன். “எங்கடை பக்கத்திலை மேசன் எண்டுதானே சொல்லுறது. நீங்கள் எப்பிடி பாஸ் ஆனனீங்கள்?”

நீங்கள் கை கழுவிக்கொண்டு வந்து இருந்து சொன்னீர்கள். சண்டைக் காலத்தில், ஊரைவிட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு, அதாவது பாஸ், எடுக்க வேண்டியிருந்தபோது, ஒரு பாஸ் எடுத்துக்கொண்டு கொழும்புக்கு வேலை தேடி வெளிக்கிட்டிருக்கிறீர்கள். வவுனியாவில் ஆமிக்காரர் மறித்து, அங்கிருந்து போக வேறொரு பாஸ் வேண்டும் என்று சொல்லி முகாமில் விட்டுவிட்டார்கள். ஐந்து மாதம். அந்த முகாமில் கக்கூசு கட்ட ஒரு சிங்கள மேசன் வந்திருக்கிறார். எல்லோரும் அவரைப் பாஸ் என்று கூப்பிட்டார்கள்.

“அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. சும்மா இருக்க விசர் பிடிக்குமெண்டு போய்க் கல்லுத் தூக்கினன். பேந்து சாந்து குழைச்சன். பேந்து அவர் தன்ரை அகப்பையைத் தந்தார். அஞ்சு மாதத்தாலை வெளியிலை வரேக்கை எனக்கொரு தொழில் இருந்தது. பாஸுக்குக் காத்துக்கொண்டிருந்த இடத்திலைதான் நான் பாஸ் ஆனனான் ரீச்சர்.”

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம். அந்த ஐந்து மாதத்தைப் பற்றி வேறெதுவும் நீங்கள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இனி எழுதப்போவது எனக்கு எழுதக் கஷ்டமானது. ஆனால் அதை விட்டுவிட்டு உங்களுக்கு ஒரு கடிதம் எழுத முடியாது.

நீங்கள் வந்து மூன்றாம் வருடம் யாழ்ப்பாணத்து வங்கிக் கிளை ஒன்றுக்கு ஒரு மனேச்சர் மாற்றலாகி வந்தார். கொழும்பில் வளர்ந்தவர், முறையாக இசை படித்தவர், அடிக்குரல். தாளைக் கையில் கொடுத்தால் முதல் பார்வையிலேயே பாடுவார். வங்கியில் அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் அவரைப் ‘பாஸ்’ என்று கூப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டதும் எங்களுக்கு ஒரே பகிடி. ஒத்திகையில் நான் “பாஸ்!” என்றால் இரண்டு பேரும் திரும்புவீர்கள்.

அந்த வருடத் திருநாளுக்கு மறைமாவட்ட ஆயர் வருவதாக இருந்தது. நான் பயந்துபோயிருந்தேன். புதிய பாட்டு, கடினமான பாட்டு. திருநாளுக்கு மூன்று நாளிருக்க, மனேச்சர் என்னிடம் தனியே வந்தார்.

“மிஸ், அவர் நோட்ஸ் பார்க்கிறதே இல்ல. கடைசி சுரம் நாலு எண்ணிக்கைதான். அவர் எட்டு வரைக்கும் இழுக்கிறார். ரெண்டு பேரும் சேர்ந்து பாடினா நல்லா இருக்காது.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. தாளில் நாலுதான் இருந்தது. நான் உங்களை மரப்படிக்குப் பக்கத்தில் கூப்பிட்டேன்.

“பாஸ், இந்தத் திருநாளுக்கு மட்டும் நீங்கள் கீழை இருந்து பூசை காணுங்கோவன். ஆயர் வாறார். பாட்டும் புதுசு.”

நீங்கள் ஒரு கணம் என்னைப் பார்த்தீர்கள். “ஓம் ரீச்சர். அதுக்கென்ன,” என்றீர்கள். கொப்பியை மடித்துப் பையில் வைத்தீர்கள்.

திருநாள் நன்றாக நடந்தது. ஒரு பிழையும் வரவில்லை. ஆயர் பூசை முடிய மேடைக்கே ஏறி வந்து பாராட்டினார். நான் அன்றைக்குச் சந்தோசமாகத்தான் வீட்டுக்குப் போனேன். அதை மறைக்கப் போவதில்லை.

அடுத்த சனிக்கிழமை நீங்கள் வரவில்லை. வேலையாக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த கிழமையும் இல்லை. யாரும் என்னிடம் உங்களைப் பற்றிக் கேட்கவில்லை. அவர்கள் கேட்காமலிருந்ததே எனக்கு உறுத்தியது. ஒரு போன் எடுத்திருக்கலாம். கோபமாக இருக்கிறார், நான் எடுத்தால் என்ன சொல்வது, அவராக வரட்டும் என்று இரண்டு மாதத்தைக் கடத்திவிட்டேன். படித்த பெண்பிள்ளையின் வீம்பு அது, வேறொன்றுமில்லை.

ஒரு நாள் மெற்றில்டா தன் போனில் பிடித்த திருநாள் பாட்டைப் போட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் கேட்டோம். கேட்டு முடித்து அவள் சொன்னாள்.

“எல்லாம் சரி ரீச்சர். ஆனா முடிஞ்ச உடனை முடிஞ்சுபோச்சு.”

அவள் சொன்னதுதான் உண்மை. நீங்கள் நின்ற நாள்களில் பாட்டு முடிந்த பிறகும் கோயிலுக்குள் கொஞ்ச நேரம் இருக்கும். சனம் உடனே இருமாது, கதிரை இழுக்காது. அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்ட கையோடு அளவெட்டி பஸ்ஸில் ஏறினேன்.

உங்கள் வீடு கேட்டுக் கேட்டுத்தான் வந்தேன். நீங்கள் இல்லை. கிணற்றடியில் உங்கள் மனைவி பரமேஸ் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றா. என்னை முன்பின் பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்துகொண்டா.

“ரீச்சரோ? இருங்கோ, இப்ப வந்திடுவார். சனிக்கிழமைதான் ஆள் வேலைக்குப் போறேல்லை. மற்ற நாளிலை இருட்டித்தான் வாறவர். இண்டைக்கு நேரத்தோடை வாறனெண்டவர்.”

“சனிக்கிழமை ஏன் போறேல்லை?”

பரமேஸ் என்னை விசித்திரமாகப் பார்த்தா. “நீங்கள் கூப்பிடுவியள் எண்டுதான். குளிச்சுச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு இருப்பார். ஐஞ்சு மணிக்குப் பேந்து சேட்டைக் கழட்டிப்போட்டுத் தோட்டத்துக்குத் தண்ணி விடப் போவார்.”

அவ நிறுத்தவில்லை. கோபமில்லாமல், நடந்ததைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னா. அந்தத் திருநாளுக்கு நீங்கள் உங்கள் அண்ணையைக் கூப்பிட்டிருந்தீர்களாம். நாதசுரம் ஊதுகிற அந்த அண்ணை, நீங்கள் கோயிலில் பாடுவதைக் கேட்பதற்கென்று முதல் தரம் வந்திருக்கிறார். உங்களைக் கீழே, தன் பக்கத்தில் கண்டதும், “எங்கையடா, நீ மேலை இல்லையோ?” என்று கேட்டிருக்கிறார். நீங்கள், “இண்டைக்கு எனக்கு லீவு அண்ணை,” என்றிருக்கிறீர்கள்.

நீங்கள் வந்து சைக்கிளை நிறுத்தும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். வகுப்பில் ஒருநாளும் அழாதவள்.

“என்ன ரீச்சர், ஆருக்கும் ஏதும் சுகமில்லையோ?”

“இல்லை. நான் பிழை விட்டிட்டன் பாஸ். அதைச் சொல்லத்தான் வந்தனான்.”

நீங்கள் அந்தரப்பட்டுப் போனீர்கள். “இதுக்கேன் இவ்வளவு தூரம்? இந்தத் திருநாளுக்கு மட்டும் எண்டு சொன்னனீங்கள். பேந்து எப்ப வாறது எண்டு சொல்லேல்லை. கூப்பிடுவியள் எண்டு இருந்தனான்.” சைக்கிள் கைப்பிடியைப் பார்த்தபடி சின்னக் குரலில் கேட்டீர்கள். “நான் பாஸோ பெயிலோ ரீச்சர்? அதை மட்டும் சொல்லுங்கோ.”

எத்தனை ஆயிரம் விடைத்தாள் திருத்தியிருப்பேன். அப்படியொரு கேள்வியை யாரும் என் முகத்துக்கு நேரே கேட்டதில்லை.

“நான்தான் பெயில்,” என்றேன். “நீங்கள் வாற சனிக்கிழமை வாங்கோ.”

மனேச்சரிடம் என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். அண்ணையின் கதையைச் சொன்னதும் அவர் முகம் கறுத்துவிட்டது. நல்ல மனுசன். சனிக்கிழமை நீங்கள் படி ஏறி வந்தபோது அவரே எழும்பிவந்து கையைப் பிடித்தார். “எனக்குத் தெரியாம போச்சு. பக்கத்தில நில்லுங்க. நீங்க எவ்வளவு இழுக்கிறீங்களோ, நானும் அவ்வளவு இழுக்கிறன்,” என்றார். நீங்கள், “இல்லை சேர், எனக்கு எண்ணப் பழக்குங்கோ,” என்றீர்கள். அன்றைக்கிருந்து அவர் விரலால் உங்கள் முழங்கையில் தாளம் தட்டுவார். அவருக்கு மூச்சு எங்கே எடுப்பதென்று நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்கள். கடைசிச் சுரத்துக்கு ஆறு என்று இருவரும் பேசித் தீர்த்துக்கொண்டீர்கள். பாட்டை எழுதியவரை ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த உயிர்த்த ஞாயிறுக்கு உங்கள் அண்ணை மறுபடி வந்தார். நானே போய்க் கூப்பிட்டேன். முன்வாங்கில் இருத்தினோம். பூசை முடிய உங்களிடம் வந்து, “ஒத்தை நீ இன்னும் கீழை வைக்கேல்லைப் போல கிடக்கு,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நீங்கள் அதை அந்த வருடம் முழுக்க எல்லோரிடமும் சொல்லித் திரிந்தீர்கள்.

அதற்குப் பிறகு எட்டு வருடம். நல்ல வருடங்கள். மனேச்சர் மாற்றலாகிக் கொழும்புக்குத் திரும்பிப் போனார். மெற்றில்டாவுக்கு இரண்டு பேரப்பிள்ளைகள். எங்கள் மரப்படியின் உடைந்த அடிக்கல்லை நீங்கள் ஒரு பின்னேரத்தில் மாற்றி வைத்தீர்கள், “முதல் வந்த வேலை முடியாமல் கிடக்கு” என்று சொல்லிக்கொண்டு. நான் ஓய்வு பெற்றேன். சனிக்கிழமைகளில் நீங்கள் எனக்கு முந்தி வந்து சன்னல்களைத் திறந்து வைத்திருப்பீர்கள்.

போன வருடத்துக்கு முந்திய புரட்டாதியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்த நீங்கள் எழும்பவில்லை. நெஞ்சுவலி என்று சொல்லவும் நேரமிருக்கவில்லை என்று பரமேஸ் சொன்னா. காலையில் ஒரு வீடு கட்ட இடத்தை அளந்து நிலையம் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தீர்களாம். நோயில் கிடந்து தேயாமல் போனதை நினைத்து நான் ஆறுதல்பட்டேன். ஆறுதல்பட்டதற்காக அழுதேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கடலோரக் கீரிமலைக்கு வரச் சொல்லிப் பரமேஸ் எங்களுக்கும் சொல்லி அனுப்பினா. ஒரு வாகனத்தில் எல்லோரும் போனோம். கிரியைகள் முடியும்வரை ஒரு பக்கமாக நின்றோம். எங்கே நிற்பது, என்ன செய்வது என்று தெரியவில்லை. பரமேஸ் எங்களிடம் வந்தா.

“ரீச்சர், உங்கடை பாட்டு ஒண்டு பாடுங்கோ. வீட்டிலை எப்பவும் முணுமுணுத்துக்கொண்டு திரிவாரே, அது.”

ஐயர் எங்களுக்கு இடம்விட்டு ஒதுங்கினார். பாடத் தொடங்கினோம். கடற்காற்றில் எங்கள் மூன்று குரல்களும் மெல்லியதாகத்தான் கேட்டன. இரண்டாவது வரியில் எனக்குப் பின்னால் ஒரு சத்தம் சேர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். உங்கள் அண்ணை. கேணியில் முழுகிய ஈர வேட்டியோடு, கண்ணை மூடிக்கொண்டு, சொற்கள் தெரியாததால் வாயைத் திறக்காமல், ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆயுள் முழுக்க ராகம் வாசித்தவர். பாட்டு முடியும்வரை அந்தச் சுரத்தைவிட்டு மேலே போகவில்லை. முடிந்ததும் துவாயால் முகத்தைத் துடைத்துவிட்டு, “இதுவும் லேசான வேலையில்லைப் பிள்ளை,” என்றார்.

பரமேஸ் சுகமாக இருக்கிறா. மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்து நிற்கிறாள். உங்கள் பாட்டுக் கொப்பியை எனக்குத் தரட்டோ என்று கேட்டா. வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

என்னிடம் வேறொன்று இருக்கிறது. இப்போது ஒருவர் ஒரு ஒத்திகைக்கு வராவிட்டால் அன்றைக்கே போன் எடுக்கிறேன். கோபமாக இருப்பார்களோ, நான் எடுத்தால் என்ன நினைப்பார்களோ என்று யோசிப்பதில்லை. போன சனிக்கிழமை மழை. மூன்று பேர் வரவில்லை. மூன்று பேரையும் கூப்பிட்டேன். கடைசியாக எடுத்தது புதிதாகச் சேர்ந்த ஒரு தாதிப் பிள்ளைக்கு. அவள் கேட்டாள், “நான் ஒராள் வராட்டி என்ன ரீச்சர், நீங்கள் பழகுங்கோவன்?”

“நீ வா பிள்ளை,” என்றேன். “நாங்கள் இன்னும் தொடங்கேல்லை. நீ வந்தாப் பிறகுதான் தொடங்குவம்.”

அரைமணித்தியாலத்தில் குடையை உதறிக்கொண்டு படி ஏறி வந்தாள். பிறகுதான் ஓர்கனில் கை வைத்தேன்.